ஐ.டி. ஆதரவுப் பணியாளரும் மேலதிக நேரக் கொடுப்பனவும்: கொழும்பில் வேலை செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் கணினி ஆதரவு வேலை செய்கிறவர்களிடம் மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எங்களுக்கு ஓ.டி. கிடையாது, நாங்கள் எக்ஸிகியூட்டிவ்." இதைச் சொல்பவர்களில் பலர், இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒரு வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறவர்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. எதையும் தீர்மானிக்கும் அதிகாரமும் இல்லை. நியமனக் கடிதத்தில் உள்ள பதவிப் பெயர் ஒன்றுதான் அவர்களது உழைப்புக்கும் சம்பளத்துக்கும் நடுவில் நிற்கிறது. அந்தப் பெயர் சட்டத்தின் முன் எவ்வளவு தூரம் செல்லும், உரியதைக் கேட்டுப் பெற என்ன செய்யவேண்டும் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதற்படி: உங்களை எந்தச் சட்டம் ஆள்கிறது?

தனியார் நிறுவனத்தின் அலுவலகத்திலோ கடையிலோ வேலை செய்பவருக்கு உரியது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். இலங்கையில் கணினிகள் இல்லாத காலத்தில் எழுதப்பட்டது என்றாலும், மென்பொருள் நிறுவனத்தின் ஹெல்ப் டெஸ்க் (கணினிச் சிக்கல்களுக்கு உதவும் பிரிவு), வங்கியின் கணினிப் பிரிவு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை வழங்கும் அழைப்பு மையம், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இருப்பவை போன்ற கணினி விற்பனை, திருத்தக் கடைகள் எல்லாம் இதற்குள் வரக்கூடியவை. முதலீட்டுச் சபையின் அனுமதி பெற்ற நிறுவனம் என்பதாலோ, தாய் நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறது என்பதாலோ இலங்கையின் தொழிற் சட்டம் விலகிப் போய்விடாது.

சட்டம் சொல்வது இதுதான். சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். உணவு இடைவேளை இதில் சேராது. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு தரவேண்டும். மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டி வேலை வாங்கினால் அது தொழில்தருநரின் மீறல். அந்த மீறலையே காரணமாகக் காட்டி, செய்த வேலைக்குப் பணம் தராமல் இருக்க அவருக்கு வழியில்லை.

அரச திணைக்களத்தில் வேலை செய்பவர்களுக்குத் தாபன விதிக்கோவையும் சுற்றறிக்கைகளும் பொருந்தும், அந்தக் கதை வேறு. தொழிற்சாலை போன்ற, சம்பளச் சபை (ஒரு தொழிலுக்குரிய சம்பளத்தைத் தீர்மானிக்கும் சபை) ஒன்றின் கீழ் வரும் தொழிலகத்தில் கணினி ஆதரவு வேலை செய்பவர் தனக்குச் சம்பளச் சபையின் தீர்மானம் பொருந்துமா என்று முதலில் கேட்டறியவேண்டும், ஏனெனில் கணக்குப் போடும் முறை அங்கே மாறும். "ஆலோசகர்" என்று ஒப்பந்தம் எழுதி, மாதாமாதம் விலைச்சிட்டை வாங்கிக்கொண்டு பணம் தரும் நிறுவனங்களும் உண்டு. அப்படியானவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் சில: வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார்? விடுமுறைக்கு யாரிடம் அனுமதி கேட்கிறீர்கள்? யாருடைய கணினியில் வேலை செய்கிறீர்கள்? வேறொரு நிறுவனத்துக்கும் வேலை செய்ய உங்களுக்குச் சுதந்திரம் உண்டா? எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நிறுவனந்தான் பதில் என்றால், நீங்கள் ஊழியர் என்று வாதிட இடம் இருக்கிறது.

இரண்டாம் படி: நீங்கள் உண்மையில் நிறைவேற்றுத் தர (எக்ஸிகியூட்டிவ்) ஊழியரா?

இந்த விடயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. நிறைவேற்று அல்லது முகாமைத்துவப் பதவி வகிப்போருக்கு வேலை நேர வரையறையிலிருந்து விதிவிலக்கு உண்டு. அந்த விலக்கு நியாயமானதுதான். ஒரு பிரிவை நடத்துபவர், ஆட்களை நியமிப்பவர், வரவு செலவைத் தீர்மானிப்பவர் தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்கிறார். ஆனால் கொழும்பில் அந்த விலக்கு இன்று எல்லார் மீதும் போர்த்தப்படுகிறது. இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்கு வரும் பிள்ளைக்கு "ஐ.டி. எக்ஸிகியூட்டிவ்" என்று கடிதம் கொடுக்கிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் பெருமை. அந்தப் பெருமையின் விலை மாதாமாதம் மேலதிக நேரக் கொடுப்பனவாகக் கழிகிறது என்பதை எவரும் அந்தப் பிள்ளையிடம் சொல்வதில்லை.

சர்ச்சை எழும்போது பார்க்கவேண்டியது பதவிப் பெயரையல்ல, வேலையின் தன்மையை. ஆகவே ஒரு சாதாரண வாரத்தில் நீங்கள் செய்பவற்றை அப்படியே எழுதுங்கள். டிக்கெட்டுகளை (கணினியில் பதிவாகும் உதவிக் கோரிக்கைகளை) வரிசையில் எடுத்துத் தீர்ப்பது, பிரின்டரும் வலையமைப்பும் சரிபார்ப்பது, புதிய ஊழியருக்கு மடிக்கணினி தயார் செய்வது, எழுதித் தரப்பட்ட நடைமுறைப்படி பழுது கண்டுபிடித்து, முடியாவிட்டால் மேல் நிலைக்கு அனுப்புவது என்பன நிறைவேற்று அதிகாரம் உள்ள வேலைகள் அல்ல. மாறாக, உங்களுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்களா, அவர்களின் விடுமுறையை நீங்கள் அனுமதிக்கிறீர்களா, அவர்களைப் பற்றிய மதிப்பீடு உங்கள் கையில் இருக்கிறதா, நிறுவனத்தின் சார்பில் கொள்வனவுக்குக் கையொப்பமிடுகிறீர்களா என்று பாருங்கள். இவற்றுக்கு ஆம் என்று பதில் வரும் அளவுக்கு உங்கள் கோரிக்கை பலவீனமாகும். நேர்மையாக எழுதுங்கள், ஏனெனில் விசாரணையில் இதே கேள்விகள்தான் வரும்.

அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் நிறுவனங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. அங்கிருந்து வந்த ஒப்பந்தப் படிவத்தில் ஊழியர் மேலதிக நேரச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்று அச்சிடப்பட்டிருக்கும், அதையே இங்கும் கையொப்பமிட வைப்பார்கள். அந்த விலக்கு அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாயத் தொழில் தராதரச் சட்டத்துக்கு உரியது. அங்கே வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. கணினித் துறையினருக்கான விலக்கு, முறைமைகளைப் பகுப்பாய்வு செய்து வடிவமைப்பவர், நிரல் எழுதுபவர் போன்றோருக்குத்தான், அதிலும் குறிப்பிட்ட சம்பள எல்லையைத் தாண்டியவர்களுக்கு மட்டும். ஹெல்ப் டெஸ்க்கில் இருந்து பழுது பார்க்கும் ஆதரவுப் பணியாளர் அந்த விலக்குக்குள் வரமாட்டார் என்று அந்நாட்டின் தொழில் திணைக்களமே 2006இல் ஒரு கருத்துக் கடிதத்தில் விளக்கியிருக்கிறது. சொந்த நாட்டிலேயே இந்த வேலைக்குப் பொருந்தாத விலக்கை நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்கள அலுவலர் முன் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்றாம் படி: கடிதங்களை எடுத்து வையுங்கள்

நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி ஒரு வருடச் சம்பளச் சீட்டுகள், ஷிப்ட் அட்டவணைகள். இவற்றில் மூன்று இடங்களைக் கவனமாக வாசியுங்கள்.

ஒன்று, வேலை நேரம். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, ஒரு மணித்தியால உணவு இடைவேளையுடன் என்றிருந்தால் 8 மணித்தியாலம் சரி. இடைவேளை காகிதத்தில் மட்டும் இருந்து, தட்டை மேசையில் வைத்துக்கொண்டே அழைப்பு எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் அது இடைவேளையே அல்ல. வேலையிலிருந்து விடுபட்டிருந்தால்தான் அது உங்கள் நேரம். அப்படியான நாட்களைத் தனியாகக் குறியுங்கள்.

இரண்டு, "சம்பளத்தில் மேலதிக நேரமும் அடங்கும்" என்ற வரி. சட்டம் வகுத்த குறைந்தபட்ச உரிமையை ஒப்பந்தத்தால் குறைத்துவிட முடியாது. கையொப்பம் இட்டுவிட்டோமே என்று மனம் தளரவேண்டாம். இரவு ஷிப்டுக்கான படியும் மேலதிக நேரக் கொடுப்பனவும் வேறு வேறு. படி கிடைக்கிறது என்பதற்காக மற்றது இல்லாமற் போவதில்லை.

மூன்று, அடிப்படைச் சம்பளம். மொத்தத் தொகையைப் பெரிதாகக் காட்டி, அடிப்படையைச் சிறிதாக்கி, மிச்சத்தைப் பல பெயர்களில் படிகளாகப் பிரிக்கும் பழக்கம் இருக்கிறது. கணக்கு அடிப்படையிலிருந்து தொடங்குவதால் இந்தப் பிரிப்பு உங்களுக்கு நட்டம். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது. உங்கள் அடிப்படை அதற்கும் கீழே இருந்தால் அது வேறொரு முறைப்பாடு.

நான்காம் படி: நேரத்தை நீங்களே பதியுங்கள்

மற்றத் தொழிலாளிக்கு இல்லாத ஒரு வசதி ஐ.டி. ஆதரவுப் பணியாளருக்கு உண்டு. அவர் செய்யும் ஒவ்வொரு வேலையும் எங்கோ ஓரிடத்தில் நேரத்துடன் பதிவாகிறது: டிக்கெட் திறந்த நேரம், மூடிய நேரம், வி.பி.என். (வெளியிலிருந்து நிறுவன வலையமைப்புக்குள் நுழையும்) இணைப்பு, விரல் ரேகை இயந்திரம், மின்னஞ்சல், நள்ளிரவில் வந்த வாட்ஸ்அப் செய்தி. நிறுவனம் மறுத்தாலும் இவற்றை முற்றாக அழிப்பது கடினம்.

ஆனால் அந்தப் பதிவுகள் உங்களுடையவை அல்ல. ஆகவே உங்களுக்கென்று ஒரு குறிப்பேடு வேண்டும். சாதாரண கொப்பி போதும், எக்ஸெல் கோப்பு என்றால் சொந்தக் கணினியில் மட்டும். திகதி, தொடங்கிய நேரம், உண்மையாகவே எழுந்து போன நேரம், இடைவேளை, மேலதிகமாக நின்ற காரணம், நிற்கச் சொன்னவர், டிக்கெட் இலக்கம். அன்றன்றே எழுதுங்கள். மாத முடிவில் ஞாபகத்திலிருந்து எழுதிய பட்டியலை யாரும் நம்பமாட்டார்கள்.

ஷிப்ட் கைமாற்றும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். இலங்கையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அமெரிக்காவில் மாற்றுகிறார்கள். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி என்பது கோடையில் கொழும்பின் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அட்டவணை நகரும்போது ஷிப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், "கொஞ்சம் முன்னே வாருங்கள், கொஞ்சம் நின்று போங்கள்" என்ற வேண்டுகோள்கள் கூடும். தினமும் அரை மணித்தியாலம் என்றாலும் 22 வேலை நாளில் 11 மணித்தியாலம்.

வீட்டில் இருந்தபடி தொலைபேசிக்குக் காத்திருக்கும் நேரம் சிக்கலானது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் கைத்தொலைபேசியைக் கண்டதில்லை. காத்திருந்த நேரத்தையும் அழைப்பு வந்து வேலை செய்த நேரத்தையும் தனித்தனியே பதியுங்கள். செய்த வேலைக்கான கோரிக்கை பலமானது. காத்திருப்புக்கு ஒரு படி தரும்படி நிறுவனத்துடன் பேசலாம், ஆனால் அதையும் இதையும் கலந்து ஒரே தொகையாகக் கேட்டால் பலமான பகுதியும் பலவீனப்படும்.

இனி ஒரு கடுமையான எச்சரிக்கை. உங்களிடம் நிர்வாகி அனுமதி இருக்கலாம். வரவுப் பதிவு சேமிக்கப்பட்ட சேவையகத்துக்கான கடவுச்சொல்லும் தெரிந்திருக்கலாம். அதைக்கொண்டு உங்கள் பதிவை நீங்களே எடுக்கவேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றித் தரவை அணுகுவதைக் குற்றமாக்குகிறது. வேலைக்காகக் கொடுத்த அனுமதியை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினீர்கள் என்ற குற்றச்சாட்டு ஒன்றே போதும், மேலதிக நேர வழக்கு மறைந்து உங்கள் மீதான ஒழுக்காற்று விசாரணை முன்னுக்கு வந்துவிடும். வாடிக்கையாளரின் பெயரும் தரவும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோவதும் அதே ஆபத்துத்தான். இலக்கமும் நேரமும் போதும். வேலை நேரப் பதிவேடு வைத்திருப்பது தொழில்தருநரின் சட்டக் கடமை. அதைக் கேட்டுப் பார்வையிடும் அதிகாரம் தொழில் அலுவலருக்கு இருக்கிறது.

ஐந்தாம் படி: கணக்கு

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலச் சம்பளம் வரும். அதை ஒன்றரையால் பெருக்குங்கள். அடிப்படை 84,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 84,000ஐ 240ஆல் வகுத்தால் 350. ஒன்றரை மடங்கு 525 ரூபா. மேலே சொன்ன 11 மணித்தியாலக் கைமாற்று நேரத்துக்கு மட்டும் 5,775 ரூபா. ஒரு வருடத்துக்கு 69,300. அரை மணித்தியாலந்தானே என்று விட்டுக்கொடுப்பவர்கள் இந்தத் தொகையை ஒருமுறை எழுதிப் பார்க்கவேண்டும். சம்பளச் சபைத் தொழில்களில் 240க்குப் பதில் 200ஆல் வகுப்பார்கள், அதனால் வீதம் உயரும்.

விடுமுறை நாட்களின் கணக்கை இதோடு சேர்க்காமல் வேறாகப் போடுங்கள். போயா தினத்தில் வேலை வாங்கினால் 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டப்படி நாட்சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. சட்டபூர்வ விடுமுறைகளில், அதாவது தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டும் அதற்கு முதல் நாளும், மே தினம், வெசாக்கின் மறுநாள், நபிகள் நாயகத்தின் பிறந்த தினம், நத்தார் ஆகியவற்றில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் அல்லது அதே வருட முடிவுக்குள் சம்பளத்துடன் மாற்று விடுமுறை. தீபாவளி இந்தப் பட்டியலில் இல்லை. அது பொது, வங்கி விடுமுறை மட்டுமே. நம்மவர்கள் பலர் அன்று வேலைக்கு வரச் சொன்னதும் இரட்டைச் சம்பளம் கேட்டுத் தோற்றுப் போகிறார்கள். உங்கள் நிறுவனம் தன் விடுமுறைப் பட்டியலில் தீபாவளியைச் சேர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஊழியர் சேமலாப நிதி கழிக்கப்படமாட்டாது, தொழில்தருநரின் பங்கும் சேராது. வருமான வரிக்கு அது கணக்கில் எடுக்கப்படும்.

ஆறாம் படி: முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்

வாய்ப்பேச்சில் தொடங்கலாம், ஆனால் எழுத்தில் முடியுங்கள். கடிதம் சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"மனிதவள முகாமையாளர் அவர்களுக்கு, கடந்த ஆறு மாதங்களில் சாதாரண வேலை நேரத்துக்கு மேலாக நான் பணியாற்றிய மணித்தியாலங்களின் விபரத்தை இத்துடன் இணைத்துள்ளேன். இவற்றுக்கான மேலதிக நேரக் கொடுப்பனவு எனது சம்பளச் சீட்டுகளில் காணப்படவில்லை. நிறுவனத்தின் வரவுப் பதிவுகளுடன் ஒப்பிட்டு, உரிய தொகையைச் செலுத்துமாறும், ஏதேனும் காரணத்தால் எனக்கு உரித்தில்லை என்று கருதினால் அக்காரணத்தை எழுத்தில் அறியத்தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "நீங்கள் நிறைவேற்றுத் தரம்" என்று அவர்கள் எழுதித் தந்தால், சர்ச்சை எங்கே இருக்கிறது என்பது அந்தத் தாளிலேயே பதிவாகிவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரத்தில் ஒரு நினைவூட்டல். பணத்துக்குப் பதில் மாற்று விடுமுறை தருகிறோம் என்றால், அதை ஏற்பது உங்கள் விருப்பம். ஆனால் மேலதிக நேரத்துக்குச் சட்டம் விதித்திருப்பது பணம்.

கூடுமானால் தனியே போகாதீர்கள். ஒரே ஷிப்டில் இருக்கும் நான்கைந்து பேர் ஒரே மாதிரிப் பதிவுகளோடு கேட்கும்போது, அதை ஒருவரின் மனக்குறை என்று ஒதுக்க முடியாது. ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் ஒன்றையே பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது.

ஏழாம் படி: தொழில் திணைக்களம்

நிறுவனம் அசையாவிட்டால் தொழில் திணைக்களத்திடம் போகலாம். தலைமையகம் நாரஹேன்பிட்டியில் உள்ள மெஹெவர பியச கட்டடத்தில் இருக்கிறது. முறைப்பாட்டை, வேலைத்தலம் இருக்கும் பகுதிக்குப் பொறுப்பான தொழில் அலுவலகம் விசாரிக்கும். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், குறிப்பேட்டின் பிரதி, கணக்குத் தாள், நிறுவனத்துக்கு எழுதிய கடிதமும் பதிலும் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி கொண்டுபோங்கள். மூலப்பிரதியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை, யாருடைய தயவும் அல்ல. நடைமுறையில் உங்களுக்குக் கிடைக்கும் அலுவலர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம். சிங்களம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் கொழும்பில் ஏராளம். அவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று: உங்கள் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், அதைத் தமிழில் வாசித்து விளக்கும்வரை கையொப்பமிடாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். "நான் சிலவேளை பின்னேரம் நின்று உதவுவேன்" என்று எழுதப்பட்ட ஒரு வரி, கட்டளையின் பேரில் நின்றதை விருப்பத்தின் பேரில் நின்றதாக்கிவிடும்.

வேலையில் இருந்துகொண்டே முறையிடுபவர்கள், தங்கள் பெயரை வெளியிடாமல் பொதுவான பரிசோதனை ஒன்று நடத்தும்படி கேட்டுப் பார்க்கலாம். ஆனால் உங்களுக்குரிய நிலுவைத் தொகையைக் கோரும்போது பெயரை மறைக்க முடியாது.

அடுத்து நிறுவனத்தையும் உங்களையும் விசாரணைக்கு அழைப்பார்கள். தவணைகள் தள்ளிப் போகலாம். ஒவ்வொரு தவணைக்கும் போங்கள், வராதவரின் முறைப்பாடு மூடப்பட்டுவிடும். தொகை தீர்மானிக்கப்பட்ட பின்னும் நிறுவனம் செலுத்தாவிட்டால், திணைக்களம் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிட நடவடிக்கை எடுக்கலாம்.

கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால், அதற்கு வழி வேறு. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். கால எல்லை உண்டு, ஆகவே வேலை நிறுத்தப்பட்ட அதே வாரத்திலேயே ஆலோசனை பெறுங்கள். வற்புறுத்தினாலும் இராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்களாக விலகியதாக அது வாசிக்கப்படும்.

பெரும்பாலான முறைப்பாடுகளின் நடுவில் ஒரு சமரசத் தொகை பேசப்படும். உங்கள் கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எந்த மாதங்களுக்கு, எத்தனை மணித்தியாலத்துக்கு, எந்த வீதத்தில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "சகல கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்க்கப்பட்டன" என்ற வரி இருந்தால், போயா தினங்கள், சட்டபூர்வ விடுமுறைகள், சேமலாப நிதி நிலுவை, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்குரிய பணிக்கொடை ஆகியவை அதற்குள் விழுந்துவிடுகின்றனவா என்று கேட்டுத் தெளிந்த பின், பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.